தேர் திரும்பாத சந்து

எங்கள் ஊரைப் பற்றி யார் பேசினாலும் ஏரியில் தொடங்கி மலையில் முடிப்பார்கள். வீடு விற்பவர்களின் விளம்பரப் பலகை அப்படித்தான் சொல்கிறது. சனி ஞாயிறுகளில் சிங்கப்பூர் எண் போட்ட கார்களில் வந்து, ஏரிக்கரையில் படம் எடுத்து, மலையில் பாதி தூரம் ஏறி மூச்சு வாங்கி, டுரியான் பழம் தின்றுவிட்டுப் போகிறவர்களும் அப்படியேதான் எழுதுகிறார்கள். மேற்கே ஏரி, கிழக்கே மலை, நடுவில் அமைதியான ஊர் என்று. அமைதியாம்! நான் ஐம்பது வருடங்களுக்கும் மேலாக இந்த மண்ணில் இருக்கிறேன். அதில் ஆறு வருடம் ஒரு மனிதரைப் பழிவாங்க வேண்டும் என்ற ஒரே நினைப்போடு காலையில் எழுந்து பல் தேய்த்திருக்கிறேன். அவர்களுடைய அமைதி எனக்கு எந்தப் பக்கம் இருக்கிறது என்று தெரியாது.

ரெங்கத்துக்கும் சிம்பாங் ரெங்கத்துக்கும் இடையில் எங்கேயோ இருக்கிறது எங்கள் தாமான், அதாவது வீட்டுக் குடியிருப்பு. ஒரு காலத்தில் எல்லாம் ஒரே தோட்டம். முதலில் ரப்பர், பிறகு செம்பனை, பிறகு வீடுகள். தோட்டத்தைத் துண்டு போட்டு விற்றபோது லயத்து வீடுகளில் இருந்த தொழிலாளர் குடும்பங்களான எங்களுக்கு ஏரியோரம் ஒற்றை மாடி வரிசை வீடுகளைக் கொடுத்தார்கள். ஏரியைப் பார்த்த வீடு என்றால் இப்போது விலை வேறு. அன்றைக்கு அந்தப் பக்கம் யாரும் தலைவைத்துப் படுக்கமாட்டார்கள். கொசு, ஈரச்சுவர், மழை பெய்தால் வாசலில் உடும்பு. அதனால்தான் எங்களுக்குக் கிடைத்தது. மூன்று சந்துகள். மூன்றும் ஏரிப் பக்கத்தில் ஒரு பின்சாலையில் போய்ச் சேரும்.

நடுவில் இரட்டை மாடி வீடுகள், கடைகள், சூராவ் என்கிற சின்னத் தொழுகைக்கூடம், சீனர் காப்பிக்கடை, எங்கள் அம்மன் கோயில். தோட்டம் போனபோது அம்மனையும் பெயர்த்து அங்கே கொண்டுவந்து வைத்தார்கள். அதற்கும் மேலே, மலையை ஒட்டி ஒரே ஒரு சாலை. அதில் பெரிய பெரிய தனி வீடுகள். தானாகத் திறக்கும் கேட், நாய், இரண்டு கார். ஏரியிலிருந்து மலைக்குக் காரில் ஐந்து நிமிடம்தான். ஆனால் எங்கள் சந்திலிருந்து அந்தச் சாலைக்குக் குடிபோனவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

அப்படிப் போனவர்களில் ஒருவர்தான் அவர். கோயில் செயலாளர். லயத்தில் எங்கள் வீட்டுக்கு மூன்றாவது வீடு. அவர் மனைவியும் என் அம்மாவும் அடுத்தடுத்த நிரையில் ரப்பர் மரத்தில் பால் வெட்டியவர்கள். ஒருத்தி வாளியை எடுத்தால் இன்னொருத்தி தலையில் விளக்கைக் கட்டுவாள், அப்படி ஒரு கூட்டு. எனக்கு அவர்கள் மாமா, அத்தை. பிள்ளைகள் சிங்கப்பூரில் வேலைக்குப் போனதும் மாமா மலைச் சாலையில் வீடு வாங்கினார். வாங்கட்டும். அதில் எனக்கு ஒரு வயிற்றெரிச்சலும் கிடையாது. வீடு மாறியதோடு ஆளும் மாறியதுதான் பொறுக்கவில்லை. வெள்ளைச் சட்டைப் பையில் எப்போதும் இரண்டு பேனா. யார் வந்து எதைச் சொன்னாலும் கேட்டுக்கொண்டே கைப்பேசியைப் பார்ப்பார். ஐம்பதை நெருங்கிய என்னை ஊர் நடுவில் வைத்து "பாப்பா" என்பார். அன்பு இல்லை அது. உன் உயரம் இவ்வளவுதான் என்று அளந்து காட்டுவது.

வருடத்துக்கு ஒரு முறை எங்கள் அம்மன் தேரில் ஊரைச் சுற்றுவாள். இது ஊர்வலம் மட்டுமில்லை, தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். தேர் ஒவ்வொரு வீட்டு வாசலிலும் நிற்கும். வீட்டுப் பெண் தேங்காய், பழம், வெற்றிலை, சூடம் வைத்த தட்டோடு கேட் பக்கத்தில் காத்திருப்பாள். பூசாரி தட்டை மேலே வாங்கி, வீட்டில் உள்ளவர்கள் பெயரையும் நட்சத்திரத்தையும் கேட்டு அர்ச்சனை செய்து, திருநீறோடு திருப்பிக் கொடுப்பார். மற்ற நாளெல்லாம் நாம்தான் அவளைத் தேடிப் போகிறோம். அந்த ஒரு நாள் அவள் நம் வாசலுக்கு வருகிறாள். வருடம் முழுவதும் தொழிற்சாலையில் பெயர் இல்லாமல் ஓர் எண்ணாக நிற்கும் பெண்கள்கூட அன்றைக்குத் தங்கள் பெயரை ஒலிபெருக்கியில் கேட்பார்கள். தேர் ஒரு வாசலில் நிற்காமல் போனால், அந்த வீடு ஊரிலேயே இல்லை என்று சொன்ன மாதிரி.

பழைய தேர் சின்னது, மரத்தில் செய்தது. ஏழு வருடங்களுக்கு முன் புதுத் தேர் வந்தது. லாரியின் அடிச்சட்டத்தின்மேல் கட்டியது, முன்னால் டிராக்டர் இழுக்கும், பின்னால் ஜெனரேட்டர் உறுமும். குறுக்கே போகும் ஒயர்களைத் தூக்கிவிட நீளக் கம்போடு ஓர் ஆள் கூடவே நடப்பார். பார்க்க நன்றாகத்தான் இருந்தது. அந்த வருடத் திருவிழா அழைப்பிதழின் கடைசியில் ஒரு வரி போட்டிருந்தார்கள். ஏரிச் சந்துகளில் உள்ளவர்கள் பெரிய சாலைச் சந்திப்பில் கூடி நின்று அம்மனைத் தரிசிக்கும்படி கேட்டுக்கொள்கிறோம்.

நான் மாமாவுக்குப் போன் போட்டேன்.

"தேரு நீளம் பாப்பா. சந்துல திரும்பாது லா," என்றார். "அம்மாவ ஜங்ஷனுக்குக் கூட்டிட்டு வந்துரு. நாற்காலி போட்டு வைக்கச் சொல்றேன்."

யாரிடம் சொல்கிறார் பாருங்கள். நான் செனாயில் ஒரு சரக்குக் கிடங்கில் இருபது வருடமாக லாரிக்கு வழி போடுகிறவள். நாற்பதடி கண்டெய்னர் எந்த முனையில் திரும்பும், எந்த முனையில் முட்டும் என்பதுதான் என் சாப்பாடு. நான் தாளில் தப்பாக எழுதினால் எங்கேயோ ஓர் ஓட்டுநர் பள்ளத்தில் கிடப்பான். அதனால் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சாலையைப் பற்றி மட்டும் பொய் சொல்லமாட்டேன். எங்கள் சந்துக்குள் குப்பை லாரி வாரத்துக்கு மூன்று தடவை வருகிறது. முதல் சந்தில் நுழைந்து, பின்சாலை வழியாகச் சுற்றி, மூன்றாவது சந்தில் வெளியே போகும். ஒரு தடவைகூடப் பின்னால் எடுத்ததில்லை. அந்த லாரி தேரைவிட நீளம். குப்பை திரும்பும் இடத்தில் அம்மன் திரும்பமாட்டாளாம்.

உண்மைக் காரணத்தை டிராக்டர் ஓட்டுகிறவர் பிறகு சொன்னார். போலீஸ் அனுமதிப்படி எட்டு மணிக்குள் தேர் கோயிலுக்குத் திரும்பியாக வேண்டும். மலைச் சாலையில் நம் ஆட்களுடைய வீடு ஆறுதான். ஆனால் ஒவ்வொரு வாசலிலும் பந்தல், குளிர்பானம், மாலை, படம் பிடிப்பு. நேரம் போதவில்லை. எதையாவது வெட்ட வேண்டும். எங்களை வெட்டினார்.

அம்மாவிடம் சொன்னேன். அவள் நம்பவில்லை. அழைப்பிதழில் தப்பாக அச்சாகிவிட்டது என்றாள். மாமா போனில் சொன்னதைச் சொன்னேன். "அவரு சொன்னா? அம்மனுக்குத் திரும்பத் தெரியாதா?" என்று கேட்டுவிட்டுத் தட்டைத் துலக்கப் போய்விட்டாள். அப்போது அவளுக்கு இரண்டு முழங்காலும் போய்விட்டது, சர்க்கரை கண்ணைத் தொட்டிருந்தது. சந்திப்புக்குக் காரில் கூட்டிப் போகிறேன் என்றேன். முடியாது என்றாள். என் வாசலுக்கு வருகிறவளை நான் ஏன் ரோட்டில் போய்ப் பார்க்க வேண்டும் என்றாள்.

அன்று மாலை நான்கு மணிக்கே அம்மா கோலம் போட்டாள். உட்கார்ந்தபடியே நகர்ந்து நகர்ந்து போட்டாள். குளித்து, பச்சைப் புடவை கட்டி, தட்டை ஏந்திக்கொண்டு கேட்டைப் பிடித்தபடி நின்றாள். ஆறு மணி வாக்கில் மேளம் கேட்டது. நெருங்கியது. சந்து முனையில் சீரியல் விளக்கு மின்னுவதுகூடத் தெரிந்தது. அம்மா முந்தானையைச் சரிசெய்துகொண்டு சூடத்தை ஏற்றச் சொன்னாள். ஏற்றினேன். மேளம் கொஞ்ச நேரம் ஒரே இடத்தில் கேட்டது. அப்புறம் மலைப் பக்கம் போய்விட்டது. சத்தம் முழுசாக அடங்கும்வரை அம்மா நகரவில்லை. சூடம் தட்டிலேயே எரிந்து அணைந்து கறுப்பாக ஒரு பொட்டு விழுந்தது. உள்ளே போய்த் தேங்காயை அரிசி டின்மேல் வைத்துவிட்டு, "கேட்டச் சாத்து," என்றாள். அவ்வளவுதான் சொன்னாள்.

இரண்டு மாதத்தில் அம்மா போய்விட்டாள். சர்க்கரைதான் காரணம், வேறு யாரும் காரணம் இல்லை என்று எனக்குத் தெரியும். தெரிந்து என்ன செய்ய? சாவு வீட்டுக்கு அவர் பெரிய மலர்வளையத்தோடு வந்தார். "நல்ல மனுஷி பாப்பா," என்று என் தலையில் கை வைத்தார். நான் அழுதுகொண்டே அவர் செருப்பைப் பார்த்தேன். உன் வாசலிலும் இதே மாதிரி மேளம் கேட்டுக் கேட்டு அடங்க வேண்டும் என்று நினைத்தேன். பிணத்தை வைத்துக்கொண்டு நினைக்கிற நினைப்பா என்று கேட்டால், ஆமாம், அதைத்தான் நினைத்தேன்.

கருமாதி முடிந்த மறுவாரம் அளவு நாடாவை எடுத்துப்போய் மூன்று சந்துகளையும் அளந்தேன். பக்கத்து வீட்டுக்காரர் என்ன அளக்கிறாய் என்று கேட்டார். சும்மா என்றேன்.

அப்புறம் கோயில் நிர்வாகக் குழுவில் சேர்ந்தேன். எதிர்த்துப் பேசி ஜெயிக்க முடியாது என்று எனக்குத் தெரியும். அவர் எதிர்த்துப் பேசுகிறவர்களைப் பார்த்துப் பழகியவர். குழைகிறவர்களிடம்தான் ஏமாறுவார். அதனால் குழைந்தேன். போலீஸ் அனுமதிக்கு மலாய் மொழியில் கடிதம் எழுதினேன், நகராண்மைக் கழகத்துக்கு விண்ணப்பம் போட்டேன், கூட்டக் குறிப்பு எழுதினேன், அவருக்குச் சீனி குறைத்து டீ கலக்கினேன். ஒவ்வொரு வருடமும் தேர் போகும் வழியை அவர் சொல்லச் சொல்ல, எங்கள் சந்துகளை விட்டுவிட்டு என் கையாலேயே எழுதினேன். அந்தக் கையை வெட்டிப் போடலாம் போலிருக்கும். "பாப்பா மாதிரி நாலு பேரு இருந்தா போதும்," என்று கூட்டத்தில் என்னைப் பாராட்டினார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். அடக்கம் என்று நினைத்திருப்பார்.

போன வருடம் அவருக்கு உடம்பு தளர்ந்து பதவியை விட்டார். ஆலோசகர் என்று ஒரு பட்டம் கொடுத்து மாலை போட்டார்கள். அடுத்த செயலாளர் யார் என்று வந்தபோது அவரே என் பெயரைச் சொன்னார். அவரே! அந்த நிமிடத்தில் எனக்கு ஏற்பட்ட சந்தோஷம் என் கல்யாணத்தன்றுகூட இல்லை.

முதல் கூட்டத்திலேயே தேர் வழியை எடுத்தேன். ஏரிச் சந்துகளில் தேர் தாராளமாகத் திரும்பும் என்று அளவோடு காட்டினேன். யாரும் மறுக்கவில்லை. ஆறு வருடமாக அத்தனை பேருக்கும் அது தெரிந்துதான் இருந்திருக்கிறது என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. அங்கேயே நான் நிறுத்தியிருக்கலாம். அம்மாவுக்குச் சேர வேண்டியது சேர்ந்துவிட்டது. நிறுத்தவில்லை. அடுத்த தாளை எடுத்தேன்.

மலைச் சாலை ஏற்றம் அதிகம், புதுத் தேர் உயரம், டிராக்டர் பிடிப்பு இழந்தால் தேர் பின்னால் உருளும் என்று எழுதியிருந்தேன். கோணம் போட்டுப் படம் வரைந்திருந்தேன். பொய். அந்த ஏற்றத்தில் சிமெண்ட் லாரியே ஏறுகிறது. கோணத்தில் நாலு பாகை கூட்டிப் போட்டேன். இருபது வருடத்தில் சாலையைப் பற்றி நான் எழுதிய முதல் பொய் அது. கீழே கையெழுத்தும் போட்டேன்.

லாரிக்காரி சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று குழு தலையாட்டியது. அவர் மட்டும் எழுந்தார்.

"ஆறு வருசமா ஏறுது பாப்பா. ஒன்னும் ஆகலியே?"

"ஆகாம இருக்கிறவரைக்கும் ஆகாது மாமா. ஒன்னு கெடக்க ஒன்னு ஆயிட்டா யாரு பதில் சொல்றது?"

"அப்ப எங்க வீட்டாளுங்க?"

"ஜங்ஷனுக்கு வந்துருங்க மாமா. நாற்காலி போட்டு வைக்கச் சொல்றேன்."

அவர் என்னைப் பார்த்தார். அவருக்கு ஞாபகம் வந்துவிட்டது. நான் அவர் கண்ணை விட்டு என் கண்ணை எடுக்கவில்லை. இரண்டு பேனாவையும் சட்டைப் பையிலிருந்து எடுத்து மறுபடியும் அதிலேயே செருகிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். மலைச் சாலையின் மற்ற ஐந்து வீட்டுக்காரர்கள் வாட்ஸ்அப்பில் சரி என்று கட்டைவிரலைக் காட்டினார்கள். அவர்களில் இரண்டு பேர் அந்த வாரம் வெளியூர் போவதாகவே இருந்தார்களாம்.

திருவிழா அன்று நாலரைக்குத் தேர் கிளம்பியது. ஐந்தரைக்கு எங்கள் முதல் சந்தில் நுழைந்தது. நான் பின்சாலை முனையில் நின்று கையைக் காட்டினேன். ஓட்டுநர் ஒரே வளைப்பில் வளைத்தார். அவ்வளவுதான். ஆறு வருடம் திரும்பாது என்று சொன்ன தேர் ஒரு சுவரைக்கூட உரசாமல் திரும்பியது. சந்தில் நின்ற பெண்கள் குலவையிட்டார்கள். பல பேர் அழுதார்கள். எங்கள் வாசலில் நான் தட்டோடு நின்றேன். பூசாரி பெயர் கேட்டபோது அம்மா பெயர் வாய்வரை வந்துவிட்டது. செத்தவர்கள் பெயரில் அர்ச்சனை செய்யமாட்டார்கள். என் பெயரைச் சொன்னேன்.

ஆறரைக்குச் சந்திப்பு. கூட்டத்தில் அவரைத் தேடினேன். கண்டுபிடித்தேன். மாமா ஒரு தட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, மோட்டார் சைக்கிள்காரர்கள் ஹாரன் அடிக்க, நகர்ந்து நகர்ந்து முன்னால் வரப் பார்த்தார். பிளாஸ்டிக் நாற்காலியில் வேறு யாரோ உட்கார்ந்திருந்தார்கள். நாற்பது தட்டு ஒரே நேரத்தில் நீண்டது. அவர் தட்டு போய்ச் சேர்ந்ததா என்றுகூடத் தெரியவில்லை. வெற்றிலை கீழே விழுந்தது. குனிந்து எடுத்தார். நான் கடைப் படிக்கட்டில் நின்று முழுசாகப் பார்த்தேன். இனித்தது. மறைக்க ஒன்றுமில்லை, நன்றாக இனித்தது.

ருசி கண்டபின் அது போதவில்லை. அவருடைய வாசலையும் பார்க்க வேண்டும் போலிருந்தது. கோலம் போட்டுவிட்டு வெறும் கேட்டாக நிற்கிறதே, அதை. தேரைக் கோயில் பக்கம் அனுப்பிவிட்டு, காரை எடுத்துக்கொண்டு மலைச் சாலையில் ஏறினேன். முதல் கியரைக்கூடப் போட வேண்டியிருக்கவில்லை, அவ்வளவுதான் அந்த ஏற்றம்.

கேட் திறந்திருந்தது. வாசலில் ஒரு நாற்காலியில் அத்தை உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் பிடித்து நடக்கும் நடைக்கம்பி. இடுப்பு எலும்பு உடைந்ததிலிருந்து அத்தை வெளியே வருவதில்லை என்று கேள்விப்பட்டிருந்தேன். பட்டுப் புடவை கட்டி, தலை நிறையப் பூ வைத்து, மடியில் தட்டை வைத்திருந்தாள்.

"யாரது? நீயா? வா வா," என்றாள். "தேரு எங்க வருது?"

"ஜங்ஷன் தாண்டிருச்சு அத்தை."

"அப்ப இந்தா வந்துரும். உக்காரு."

எனக்குப் புரிந்துவிட்டது. அவர் வீட்டில் சொல்லவில்லை. வெட்கமோ வீம்போ, இன்னொரு தட்டை எடுத்துக்கொண்டு பேசாமல் காரில் போயிருக்கிறார்.

"வருசா வருசம் நீங்கதான் தட்டு எடுப்பீங்களா அத்தை?" என்று கேட்டேன். எதையாவது கேட்க வேண்டுமே என்று கேட்டதுதான்.

"நானா? ஆறு வருசமா நான் வாசலுக்கே வரலடி. உங்கம்மா வாசலுக்குப் போகாத தேருக்கு நான் எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுத் தட்டு நீட்டுறது? அவர்கிட்ட சொன்னேன். சண்ட போட்டேன். கேக்கல. அப்ப நீங்களே நில்லுங்கன்னு சொல்லிட்டேன். தேரு இங்க வந்து நிக்கும்போதெல்லாம் நான் அடுப்படியில உக்காந்திருப்பேன். மேளம் போறவரைக்கும் எந்திரிக்க மாட்டேன்."

நான் படியில் உட்கார்ந்தேன்.

"வீட்டு வேலைக்கு வர்ற பொண்ணு உங்க சந்துதான். இந்த வருசம் அந்தப் பக்கம் தேரு வருதுன்னு அவதான் சொன்னா. யாருடி வழி போட்டதுன்னு கேட்டேன். உன் பேரச் சொன்னா. அப்பதான் இந்தப் புடவைய எடுத்தேன்."

தட்டில் எல்லாம் ஒழுங்காக இருந்தது. தேங்காயில் மஞ்சள் தடவி, வாழைப்பழத்தைத் துடைத்து, ஓரத்தில் ஒரு துண்டுத் தாளில் வீட்டில் உள்ளவர்களின் பெயர்களையும் நட்சத்திரங்களையும் எழுதி வைத்திருந்தாள். பேரப்பிள்ளைகள்வரை எழுதியிருந்தாள். கையெழுத்து நடுங்கியிருந்தது.

"அத்தை, தேரு மேல வராது."

"ஏன்?"

"ஏத்தம்னு சொல்லி..." என்றேன்.

"ஏத்தமா?" சாலையைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். எதையும் இரண்டு தடவை சொல்ல வேண்டிய ஆள் இல்லை அவள். இருட்டில் மரத்தைத் தடவிப் பார்த்தே எங்கே வெட்ட வேண்டும் என்று தெரிந்துகொண்டவள். "அவருக்காகவா?"

"ஆமா."

"அதே பொய்யவா சொன்னே?"

"ஆமா அத்தை."

கீழே கோயில் பக்கம் வெடிச் சத்தம் கேட்டது. தேர் நிலைக்குப் போய்விட்டது. நான் தட்டைக் கொடுங்கள், கோயிலுக்கே கொண்டுபோய் அர்ச்சனை செய்துகொண்டு வருகிறேன் என்று கையை நீட்டினேன். அவள் தட்டை இன்னும் கொஞ்சம் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"வேணாம். என்னைய மட்டும் உள்ள கொண்டுபோய் விட்டுரு. அவரு வர்றதுக்குள்ள," என்றாள்.

கையைப் பிடித்துத் தூக்கினேன். கனமே இல்லை. ஒவ்வொரு அடிக்கும் நின்று நின்று போனாள். கட்டிலில் உட்கார வைத்ததும் பூவை எடுத்துவிடச் சொன்னாள். எடுத்தேன். ஊசியைக் கழற்றும்போது ஒரு முடி சிக்கி இழுபட்டது, அதற்குக்கூட அவள் ஒன்றும் சொல்லவில்லை. திட்டியிருந்தால் வாங்கிக்கொண்டு வந்திருப்பேன்.

இறங்கி வரும் வழியில் அவருடைய கார் எதிரே ஏறி வந்தது. முன்விளக்கு என் முகத்தில் அடித்தது. நான்தான் என்று அவர் பார்த்திருப்பார். வழி விடவில்லை, அவரே ஓரம் கட்டட்டும் என்று நடுவிலேயே வந்தேன். ஓரம் கட்டினார்.

இந்த வருடத் திருவிழாவுக்கு அனுமதி விண்ணப்பம் நேற்றுதான் அனுப்பினேன். மலைச் சாலையைச் சேர்த்திருக்கிறேன். ஏற்றம் எப்படிக் குறைந்தது என்று குழுவில் ஒருவர் கேட்டார். போன வருடம் நான் தப்பாகக் கணக்குப் போட்டுவிட்டேன் என்றேன். என் தொழிலில் நானே என் வாயால் அப்படிச் சொல்லிக்கொண்டது இதுதான் முதல் தடவை. அவர் அங்கேதான் உட்கார்ந்திருந்தார். மெதுவாகச் சிரித்துக்கொண்டு, "பரவால்ல பாப்பா, எல்லாருக்கும் தப்பு நடக்கும்," என்றார்.

தேர் மேலே ஏறும். அத்தை எழுந்து வருவாளோ, அடுப்படியிலேயே இருந்துவிடுவாளோ, எனக்குத் தெரியாது. அவள் வந்தாலும் வராவிட்டாலும் அவர் வருவார். வெள்ளைச் சட்டையோடு கேட்டில் நின்று, தான் ஜெயித்துவிட்டதாக நினைத்துக்கொண்டு, திருநீறை நெற்றி நிறையப் பூசிக்கொள்வார். அவருக்குக் கிடைக்காமல் அவளுக்கு மட்டும் கிடைக்கிற மாதிரி ஒரு வழி போட முடியுமா என்று நான் மூன்று மாதமாகத் தாளில் போட்டுப் போட்டுப் பார்த்தேன். முடியவில்லை. அவர்கள் இரண்டு பேருக்கும் ஒரே வாசல்.